நண்டுக்குக் கட்டிய வீடு

உயிரோடு இருந்த ஒரு நண்டுக்கு நான் இறுதிச் சடங்கு செய்திருக்கிறேன்.

கம்பெனிச் சீருடையில், காலில் சேஃப்டி ஷூவோடு, கையில் தோசைத் திருப்பியோடு, ஒரு காலி மனையில் குழி தோண்டிப் புதைத்தேன். பக்கத்தில் மனைவி. பின்னால் வீட்டுக்காரம்மா. சாலையில் எனக்காக நின்றுகொண்டிருந்த கம்பெனி பஸ்ஸின் ஜன்னல்களில் முதல் ஷிப்ட் மொத்தமும்.

இந்தத் தொடரில் என் மடத்தனங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவருகிறேன். இதை மட்டும் சில வாரங்களாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன். தரக் கட்டுப்பாட்டில் தலை நரைத்த ஒருவன், உயிருள்ளது எது, இல்லாதது எது என்பதிலேயே கோட்டை விட்டான் என்று தெரிந்தால், அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ரப்பர் குழாய்களைப் பற்றி, கார் வைத்திருக்கும் வாசகர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் கவலைதான்.

இனிப்புப் பெட்டியில் நால்வர்

ஒரகடத்தில் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். வாலாஜாபாத் போகிற வழியில் ஜெகதாம்மாவின் மாடி வீட்டில் குடியிருந்தேன். வல்லம் வடகால் பக்கம் இருந்த தன் நெல் வயல் தொழிற்பேட்டைக்குள் போனபிறகு, ஜெகதாம்மா வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எல்லாவற்றிலும் தென் மாவட்டத்துப் பையன்கள்.

முதலில் நான் மட்டும் மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளினேன். மகன் கல்லூரி விடுதிக்குப் போனதும் மனைவி மங்கை, சென்னையில் பார்த்துவந்த கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். "ஒரு வருஷம் இருந்து பாக்கறேன்" என்றுதான் சொன்னாள். வாடகைக்கு வருகிறவர்கள் சொல்வதுபோல.

அந்த ஒரு வருஷம் முடிகிற சமயம் பழைய பள்ளியிலிருந்து போன் வந்தது. ஜூனில் அவளுடைய இடம் மறுபடி காலியாகிறது, மே முடிவதற்குள் பதில் சொன்னால் போதும். இதை அவள் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

இப்படி இருக்கையில்தான் மெயின்டெனன்ஸ் பிரிவு சுடலைமுத்து, திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கும் தன் ஊருக்குப் போய்விட்டு வந்து, ஓர் இனிப்புப் பெட்டியை நீட்டினான். திறந்தேன். உள்ளே நான்கு சங்குகள். நான்கும் நடந்தன.

"கடக்கரையில கெடந்துச்சு சார். ரூம்ல வைப்போம்னு கொண்டாந்தேன், பயலுவ தூங்க மாட்டம்னுட்டானுவ. ராத்திரி பூரா கரட்டு கரட்டுனு சத்தம்."

இதை எப்படி வளர்ப்பது என்று கேட்டேன். ஊரில் யாரும் இதை வளர்க்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகள் பிடித்து விளையாடிவிட்டு விட்டுவிடுவார்கள் என்றான். அதாவது அவனுக்கும் தெரியாது. என்னைப்போலவே. ஆனால் நான் படித்தவன், ஆகவே தெரிந்ததுபோல் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மங்கை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கொடுக்கு, ஒரு கால், குண்டூசித் தலை மாதிரி இரண்டு கண்கள் என்று தவணை முறையில் வெளியே வந்து, அவள் மணிக்கட்டில் ஏறி, வளையலைத் தாண்ட முடியாமல் நின்றது. மங்கை சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரு கணக்குப் புரிந்த மாதிரி இருந்தது. நண்டு நன்றாக இருந்தால் இவள் இருப்பாள். நண்டை நன்றாக வைப்பது என்பது ஒரு செயல்முறை. செயல்முறை என்றால் நாம் இருக்கிறோம்.

மணல், ஈரம், மஞ்சள் கோடு

தமிழில் இதைத் துறவி நண்டு என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்த வீடு எங்கே காலி என்று பார்த்துக்கொண்டே அலைகிற ஒரு பிராணிக்குத் துறவி என்று பெயர் வைத்தவர், வாடகை வீட்டில் இருந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

பின்பக்கம் மெத்தென்று, ஓடில்லாமல் பிறக்கிறது. செத்துப்போன நத்தையின் சங்கைத் தேடிப் புகுந்துகொள்கிறது. உடம்பு வளர வளரச் சங்கு மாறவேண்டும். கரையில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது செவுளால். ஆகவே சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்கவேண்டும். ஒரகடத்துக் காற்றில் ஈரம் தவிர எல்லாம் உண்டு.

இதையெல்லாம் மோடத்தைச் செருகி, இணையத்தில் சொட்டுச் சொட்டாக இறக்கிப் படித்தேன். வெளிநாட்டில் நண்டு வளர்ப்பவர்கள் கூடிப் பேசுவதற்கென்றே ஒரு தளம் இருந்தது.

தொட்டியைச் சுடலைமுத்து செய்தான். இயந்திரங்களுக்குத் தடுப்புக் கதவு போடும் அக்ரிலிக் பலகையில் மிஞ்சிய துண்டுகள், அலுமினியச் சட்டம். கழிவுச் சாமான் விலைக்கு வாங்கி வெளியே கொண்டுவரும்போது கேட்டில் செக்யூரிட்டி எதற்கு என்று கேட்டார். நண்டுக்கு என்றேன். மேலாளர்கள் பொய் சொல்வது அவருக்குப் பழக்கம்தான், இந்தப் பொய் மட்டும் புதிதாக இருந்தது.

மணலைச் சலித்து, அலசி, காயவைத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தோம். பிடித்தால் கொழுக்கட்டைபோல நிற்கவேண்டும். நண்டு முழுதாக உள்ளே போய்ப் புதைந்துகொள்ளும் அளவு ஆழம். இரண்டு கிண்ணம், ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் கல்லுப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் கேன் தண்ணீர். நாங்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம். ஏறி விளையாட ஒரு காய்ந்த கிளை, ஒளிந்துகொள்ளக் கொட்டாங்கச்சி. கம்பெனி ஆய்வகத்தில் தேதி முடிந்து கழித்துக்கட்டிய ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே தொங்கியது.

சாப்பாட்டுக்குத் தேங்காய்ச் சில்லும் கொய்யாவும். கூடவே ஜெகதாம்மா உபயத்தில் சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாடு. "உப்பு போடாத கருவாடு நண்டுக்கா? என் மருமவனே இவ்ளோ கேட்டதில்ல சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மாற்றுச் சங்குகளை மாமல்லபுரத்துக் கடைகளில் தேடி வாங்கினேன். பெயர் எழுதாதது, சாயம் பூசாதது, வாய் வட்டமானது என்று நான் கேட்கக் கேட்க, கடைக்காரர் என்னை ஏதோ பரிகாரம் செய்பவன் என்று முடிவுகட்டிவிட்டார்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் தரையில் மஞ்சள் கோடு இருக்கும். துடைப்பத்துக்கு ஒரு கட்டம், குப்பைத்தொட்டிக்கு ஒரு கட்டம். ஸ்பானர் மாட்டும் பலகையில் ஸ்பானரின் உருவத்தை வரைந்திருப்பார்கள். எடுத்தவன் திருப்பி மாட்டாவிட்டால் அந்த உருவம் காலியாக நின்று காட்டிக்கொடுக்கும். சில வருஷம் இந்த வேலையில் இருந்தால், கோடு போடாத இடத்தில் தம்ளர் வைக்கக் கை வராது.

சுடலைமுத்து ஓர் அக்ரிலிக் பட்டையில் மஞ்சள் பெயின்ட்டால், ஒவ்வொரு மாற்றுச் சங்குக்கும் அளவெடுத்து வட்டம் வரைந்தான். சங்குகளை அதில் வரிசையாக வைத்து உள்ளே இறக்கினோம்.

"நண்டு இதைப் பார்த்துட்டு இடத்துல திருப்பி வைக்குமா?" என்று மங்கை கேட்டாள்.

"பயிற்சி கொடுக்கலாம்" என்றேன். பாதி வேடிக்கையாகத்தான்.

அப்பாவின் மீனில்லாத தொட்டி

பிராணி வளர்ப்பில் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய கீர்த்தி கிடையாது. தபால் ஆபீசில் இருந்த என் அப்பா ஒருமுறை கண்ணாடித் தொட்டி வாங்கி, கூழாங்கல், செடி, குமிழி விடும் மோட்டார் எல்லாம் வைத்தார். மீன் மட்டும் விடவில்லை. மீன் விட்டால் செத்துப்போகும் என்றார். கடைசிவரை அந்த வெறும் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்து பேப்பர் படித்தார். வருகிறவர்கள் மீனைத் தேடிக்கொண்டு குனிவார்கள். "நல்லா பாருங்க" என்பார்.

இன்று யோசித்தால், எங்கள் வம்சத்தில் பிராணிகளைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நான்கு நண்டுகளுக்கும் மங்கை பெயர் வைத்தாள். ஹெட்மாஸ்டர், கரஸ்பாண்டென்ட், பி.டி. வாத்தியார், பியூன். எல்லாம் அவளுடைய பழைய பள்ளி. பெரியது ஹெட்மாஸ்டர். எங்கு போனாலும் மற்றவற்றின் மேல் ஏறித்தான் போகும். பொருத்தமாக இருக்கிறது என்று நான் ரசித்தேன். அவள் எதை நினைத்து வைத்தாள் என்று யோசிக்கவில்லை.

நண்டுகளைப் பார்ப்பதே எங்கள் மாலை நேரமாயிற்று. ஒருநாள் கரஸ்பாண்டென்ட் ஒரு மாற்றுச் சங்கை உருட்டி, உள்ளே கொடுக்கை விட்டு அளந்து, சட்டென்று தாவிவிட்டது. கண் சிமிட்டும் நேரம். உடனே பி.டி. வாத்தியார் ஓடிவந்து அது விட்டுப்போன சங்கில் புகுந்தது. அது விட்டதில் பியூன். ஹெட்மாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் ஒரு பதவி உயர்வு.

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். ஜெகதாம்மாவின் அறைகளில் முதல் ஷிப்ட் பையன்கள் திரும்பி வந்து, இரண்டாம் ஷிப்ட் பையன்கள் விட்டுப்போன அதே பாயில் சூடு ஆறுமுன் படுத்துக்கொண்டிருந்தார்கள். இதற்குமேல் எழுதினால் தத்துவமாகிவிடும்.

மாற்றுச் சங்குப் பட்டையை எடுத்து, கரஸ்பாண்டென்ட் காலி செய்த வட்டத்தில் புதிதாக ஒரு சங்கை வைத்தேன். எல்லா வட்டமும் நிறைந்திருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பியூன் கழற்றிப்போட்ட பழைய சங்கைக் கழிவில் சேர்த்தேன்.

ஐந்து ஏன்

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது மங்கை கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

ஹெட்மாஸ்டர் தன் சங்குக்குப் பாதி வெளியே கிடந்தது. கொடுக்கு, கால்கள், கண் காம்புகள்கூட அப்படியே. அசைவில்லை. மங்கை விரலால் தொட்டாள். கால் ஒன்று கழன்று வந்தது.

கையில் எடுத்தேன். எடையே இல்லை. ஒரு குழாய் இரண்டு கிராம் குறைந்தால் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறவன் நான். அன்று அந்த நண்டின் எடையைப் பற்றி எனக்குத் தோன்றியது, பாவம், இளைத்துவிட்டது என்பதுதான்.

பிறகு நடந்தது, முதலில் சொன்ன சடங்கு. பக்கத்துக் காலி மனையில் சங்கோடு சேர்த்துப் புதைத்தோம். ஜெகதாம்மா பின்னால் நின்று, பால் ஊற்றவில்லையா என்று விசாரித்தார். பஸ்ஸில் ஏறினேன். எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அன்று மாலை மங்கை தொட்டிப் பக்கமே போகவில்லை. சென்னைக்கு யாரிடமோ போனில் வெகுநேரம் பேசினாள். மே பிறக்கப்போகிறது.

எங்கள் தொழிலில் ஒரு பொருள் பழுதானால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்கவேண்டும். ஐந்தாவது பதில்தான் உண்மைக் காரணம் என்பது சட்டம். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, அதை வீட்டில் ஆரம்பித்தேன்.

ஏன் செத்தது? ஈரம் குறைந்ததால். ஏன் குறைந்தது? மூடி அடிக்கடி திறந்ததால். ஏன் திறந்தது? நான் திறந்ததால். ஏன் திறந்தேன்? சங்குகள் வட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க. ஏன் பார்த்தேன்?

"அஞ்சாவதுக்கு என்கிட்ட பதில் இருக்கு" என்றாள் மங்கை. "சொல்ல வேணாம்னு பாக்கறேன்."

அடுத்தது பரிகார நடவடிக்கை. அதற்கும் சட்டம் உண்டு. பழுது எங்கே வந்ததோ அதை முழுதாகக் காலி செய்து, சுத்தம் செய்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மணலை எல்லாம் அள்ளிக் கொட்டி, கொதிநீரில் அலசி, வெயிலில் போடுவதாக முடிவு செய்தேன். சுடலைமுத்து மண்வெட்டியும் டிரம்முமாக வந்துவிட்டான். "பெருசு செத்துட்டுல்லா... இருக்கதாச்சும் பொழைக்கட்டும் சார்" என்றான்.

காலி வட்டம்

மூன்று நண்டுகளையும் ஒரு வாளியில் எடுத்து விட்டோம். கிண்ணம், கிளை, கொட்டாங்கச்சி எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக மாற்றுச் சங்குப் பட்டை.

ஒரு வட்டம் காலி. இருப்பதிலேயே பெரிய வட்டம்.

எனக்குக் கோபம் வந்தது. நான் வாரக்கணக்கில் சரிபார்த்து வைத்த வரிசை, சாவுக்குப் பிறகுதான் பார்க்காமல் விட்டிருந்தேன். யாராவது எடுத்தீர்களா என்று மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"இன்னா சார், ஊருல இரும்பு திருடுறான், காப்பர் திருடுறான். நத்த ஓட்ட எவன் சார் திருடுவான்?" என்றார் ஜெகதாம்மா, கீழே அரிசி புடைத்துக்கொண்டே.

சுடலைமுத்து மண்வெட்டியை மணலில் வைத்துவிட்டான்.

"இருங்க" என்றாள் மங்கை.

வாளியைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் இப்படித்தான் நிற்பாள் என்று நினைக்கிறேன்.

"இந்த மூணும் அதுங்க போட்டிருந்த சங்குலயேதான் இருக்கு. ஹெட்மாஸ்டரை அவர் சங்கோட புதைச்சாச்சு. அப்ப இதை எடுத்துக்கிட்டது யாரு?"

சுடலைமுத்து வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"செத்தவர் எழுந்து வந்து சட்டை மாத்திக்கிட்டா போனார்?"

சுடலைமுத்து மண்வெட்டியை, தூங்குகிறவன் பக்கத்திலிருந்து எடுப்பதுபோல எடுத்தான்.

அன்றே அந்த வெளிநாட்டுத் தளத்தில் என் கேள்வியைப் போட்டேன். பதில் அரை நாளில் வந்தது, பல பேரிடமிருந்து, ஒரே குரலில். அது பிணம் இல்லை, தோல். நண்டு வளரும்போது மேல் தோலைக் கொடுக்கோடு, கண்ணோடு அப்படியே கழற்றிப் போட்டுவிடும். பிறகு புது உடம்பு கெட்டியாகும்வரை வாரக்கணக்கில் மணலுக்குள் படுத்திருக்கும். தோண்டினால் செத்துவிடும். தோண்டவே கூடாது. அப்புறம், அந்தத் தோலை உள்ளேயே விட்டிருப்பாய் அல்லவா, அதைத் தின்றுதான் அதற்குப் புது ஓடு பலப்படும் என்று எழுதியிருந்தார்கள்.

அதாவது ஹெட்மாஸ்டர் எழுந்து சாப்பிட வைத்திருந்த சாப்பாட்டை நான் அடக்கம் செய்திருந்தேன்.

மறுநாள் காலை தோசைத் திருப்பியோடு மறுபடி காலி மனைக்குப் போனேன். எறும்புகள் முந்திக்கொண்டுவிட்டன. பஸ் வந்து நின்றது. முந்தின வாரம் புதைத்தவன் இந்த வாரம் தோண்டுவதை முதல் ஷிப்ட் பார்த்தது. இந்த முறையும் எழுந்து இடம் கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளியும் உட்கார்ந்தார்கள்.

தோலுக்குப் பதிலாக முட்டை ஓட்டைப் பொடி செய்து மணல்மேல் தூவினோம். மற்ற மூன்றையும் வேறு பெட்டிக்கு மாற்றினோம். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது என் வேலை விவரத்தில் கிடையாது.

மங்கை மட்டும் தினமும் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு. என் அப்பா கூட இருந்திருந்தால் இருவருக்கும் ஒத்துப்போயிருக்கும்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே வந்தால் இவள் இருப்பாள் என்று, தரக் கட்டுப்பாட்டுக்காரன் சொல்லக் கூடாத ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலே வந்தது

மே மாதம் முடிகிற சமயம். மத்தியானம், மூடி வைத்த தொட்டிக்குள் ஈரம் முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது. மணல் ஓரிடத்தில் உப்பியது. பிறகு உடைந்தது.

பெரிய வட்டத்தின் சங்கு. உள்ளிருந்து வந்த கொடுக்கு பழையதைவிடப் பெரிதாக, கத்தரிப்பூ நிறத்தில், கழுவி வைத்ததுபோல இருந்தது. ஹெட்மாஸ்டர் மெதுவாக ஏறி வந்து, உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் நின்று குடித்தது. எங்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. சஸ்பெண்ட் ஆகித் திரும்பி வந்த அதிகாரியின் தோரணை.

மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் தோளைத் தொட்டேன். என் வாழ்க்கையில் ஒரு செயல்முறை முழுதாக வென்ற தருணம் அது.

"ஏங்க" என்றாள், நண்டைப் பார்த்துக்கொண்டே. "ஜூன்ல வந்து சேர்ந்துக்கறேன்னு ஸ்கூலுக்குச் சொல்லிட்டேன். காலையில."

எனக்கு உடனே வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்ப நண்டு?"

"அதை நீங்க பாத்துப்பீங்க. நல்லாத்தான் பாத்துக்கறீங்க."

சண்டை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவாள், ஞாயிறு போவாள். வந்ததும் முதலில் தொட்டியைப் பார்ப்பாள். நான் மறுபடி மெஸ்ஸில் பெயர் கொடுத்தேன். ஈரப்பதமானி எண்பதுக்குக் கீழே இறங்கியதில்லை.

அவளை முதல் தடவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று ஜெகதாம்மா வாசலில் இருந்தார். அவர் கேட்காமலேயே, ஏன் போய்விட்டாள் என்று எனக்கே தெரியவில்லை என்றேன். எதைக் குறைத்தேன், அந்த நண்டுக்காகக்கூட இருந்திருக்கலாமே என்றும் சொல்லியிருப்பேன்.

ஜெகதாம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"லாரி தூசி வூட்டுக்குள்ள வருது, மூச்சு முட்டுது, ஜன்னலுக்கு வலை அடிக்கணும்னு டீச்சரம்மா தை மாசத்துலேர்ந்து சொல்லிக்கினே கீறாங்க சார். சார்கிட்ட சொல்லேம்மான்னேன். அவரு நண்டு மூச்சு வுடறதுக்கு வூடு கட்டிக்கினு கீறாரு, முடிச்சிட்டு வரட்டும்னாங்க."